பெட்டிசம் காக்காவும் கிரேக்கத்து மனுதாரர்களும்

கல்முனைக்கும் மருதமுனைக்கும் இடையில் பெட்டிசம் காக்காவின் பேனாவுக்குத் தப்பியது மழை ஒன்றுதான். அதுவும் பெறுநரின் முகவரி கிடைக்காத காரணத்தால். மற்றபடி, பொறியியலாளர் முதல் மின்மானி வாசிக்க வருபவர் வரை எல்லோரும் அவர் எழுதிய மனுவொன்றுக்காவது விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். அரச அலுவலகமொன்றில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்த நான் நாற்பத்தொரு தடவை கொடுத்திருக்கிறேன். எண்ணிக்கையில் பிழை இருக்காது. அந்தக் கோப்புகளை வைத்திருந்தவன் நான்தான்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. ஊரில் யாருக்கும் தேவைப்படவில்லை. அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர்களும் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருந்த போட்டோகொப்பிக் கடையின் விறாந்தையில் ஒரு மேசையும் இரண்டு பிளாஸ்டிக் கதிரையும் போட்டு, வருபவர்களுக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதிக் கொடுப்பார். கட்டாரில் பன்னிரண்டு வருடம் தொழிலாளர் முகாமொன்றில் கிளார்க்காக இருந்தவர். முகாமில் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தே ஆங்கிலம் படித்ததாகச் சொல்வார். அவருடைய ஆங்கிலம் நன்றாக இருந்தது. ஆனால் 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று தொடங்காமல் அவரால் யாருக்கும் காலை வணக்கம்கூடச் சொல்ல முடியாது.

மற்றப் பெட்டிசக்காரர்கள் வந்தவர் சொல்வதைக் கேட்டு எழுதுவார்கள். காக்கா அப்படியல்ல. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்:

"சரி. இப்ப உங்கட எதிராளி இத எப்பிடிச் செல்லுவான்?"

"அவன்ட கதை எனக்கு என்னத்துக்கு காக்கா? என்ட கதைய எழுதுங்க."

"அவன்ட பக்கம் தெரியாம எழுதினா பெட்டிசம் நொண்டும். செல்லுங்க."

வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிராளியின் நியாயத்தைச் சொல்லத் தொடங்குவார். சிலர் பாதியில் எழுந்து, "வேணாம் காக்கா, அவன் செல்றதும் சரிதான்" என்று போய்விடுவார்கள். ஒரு தொழிலை இப்படி நடத்தி நான் கண்டதில்லை.

நாவிதன்வெளியிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய வயலுக்கு வரும் வாய்க்காலை மேல்வயல்காரர் அடைத்துவிட்டார். காக்கா இரண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்டார். இரண்டிலும் திருப்தி இல்லை. கடைசியில் வயலே எழுதுவதுபோல் எழுதிவிட்டார். 'கீழே வேரூன்றி நிற்கும் மனுதாரராகிய இரண்டு ஏக்கர் வயல் தாழ்மையுடன் அறியத் தருவது யாதெனில்' என்று தொடங்கியது. நான் அதைத் திருப்பி அனுப்பினேன். 'மனுதாரர் ஆளொருவராக இருத்தல் வேண்டும். வயல் கையொப்பமிட முடியாது' என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினேன். அவர் அதன் பிரதியொன்றை நேராகப் பொறியியலாளரிடம் கொண்டுபோனார். பொறியியலாளர் வாசித்துச் சிரித்து, சிரித்த வேகத்தில் ஜீப்பில் ஏறிப் போய் வாய்க்காலைத் திறக்க வைத்தார். என்னுடைய குறிப்பு இப்போதும் கோப்பில் இருக்கிறது. தண்ணீர் வயலுக்குப் போய்விட்டது.

நான் ஓய்வு பெற்ற பிறகும் காலையில் கால்கள் அந்தப் பக்கமே போயின. நல்ல எதிரி ஒருவரை ஓய்வூதியத்தோடு சேர்த்துத் தர அரசாங்கத்தில் ஏற்பாடு இல்லை. நாமே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் போனபோது, மேசையில் மனுக்களுக்குப் பதிலாக ஒரு கட்டுப் போட்டோகொப்பித் தாள். கெம்பஸில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் கடையில் நாவல்களை அட்டை முதல் அட்டை வரை கொப்பி எடுப்பார்கள். கோணலாக விழுந்த தாள்களைக் கடைக்காரர் ஒதுக்கி வைப்பார். காக்கா அவற்றைத்தான் சேர்த்து வாசித்துக்கொண்டிருந்தார். எல்லாம் பழைய கிரேக்கக் கதைகளை இந்தக் காலத்தில் வேறு ஆளின் வாயால் திருப்பிச் சொல்லும் நாவல்கள்.

"சேர், வாங்க, இரிங்க. கிரேக்கத்தில மூவாயிரம் வருஷமா பெட்டிசம் எழுத ஆள் இல்லாமக் கிடந்திரிக்கி. இப்பதான் ஒவ்வொண்டா வருது."

"இது நாவல், காக்கா."

"நாவலெண்டு அட்டையில போட்டிரிக்கி. உள்ளுக்க பெட்டிசம். பழைய கதையெல்லாம் ஆரு செல்லியிரிக்கான்? வெட்டினவன். இப்ப வெட்டுப்பட்டவ செல்றா."

தலைமுடியெல்லாம் பாம்பாகப் போன பெண்ணின் கதை அது. கோயிலுக்குள் அவளுக்கு ஒரு தெய்வம் அநியாயம் செய்தது. கோயிலுக்குரிய தெய்வமோ அநியாயம் செய்தவனை விட்டுவிட்டு அவளைச் சபித்தது. பிறகு ஒரு வீரன் வந்து தலையை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனான். முறைப்பாடு செய்ய வேண்டியவளுக்கே தண்டனை என்று காக்கா கொதித்தார். எனக்கு வியப்பு வரவில்லை. நான் நான்கு அமைச்சுகளின் கீழ் வேலை செய்தவன்.

"காலம் கடந்த மனு. ஏற்க ஏலா" என்றேன்.

"தாமதத்துக்குக் காரணம் காட்டியிரிக்காங்க சேர். மனுதாரருக்குத் தலை இல்ல."

தாள்களின் ஓரமெல்லாம் சிவப்புப் பேனாவால் எழுதி வைத்திருந்தார். 'சாட்சி யார்?' 'திகதி இல்லை.' 'இணைப்பு இரண்டு காணப்படவில்லை.' இணைப்பு இரண்டு என்பது கொப்பி மெஷினில் சிக்கிக் கிழிந்த பதினாறு பக்கங்கள். அந்தப் பதினாறு பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை அவரே நீல மையில் எழுதிச் சேர்த்திருந்தார். கெம்பஸ் பிள்ளையொன்று அந்தக் கட்டையே தவறுதலாக எடுத்துப்போய்ப் பரீட்சை எழுதியதாகவும், நல்ல புள்ளி வாங்கியதாகவும் கேள்வி. நான் உறுதிப்படுத்தவில்லை.

இன்னொரு நாவலில், தீவொன்றில் தனியாக இருந்த சூனியக்காரி கரைக்கு வந்த ஆண்களை மிருகமாக மாற்றிவிடுவாள். என்ன மிருகம் என்பதை வாசகர்கள் வெளியில் விசாரித்துக்கொள்ளலாம். காக்கா தேநீர்க் கடையில் கதை சொன்னபோது அந்தப் பெயரை வாயில் எடுக்க விரும்பாமல் ஆடு என்று சொல்லிவிட்டார். அது வினையாகிவிட்டது.

"காக்கா, அப்ப அந்த ஆட்டக் குர்பானுக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டார் கடை முதலாளி, தேநீரை ஆற்றிக்கொண்டே.

கடை இரண்டாகப் பிரிந்தது. உள்ளே மனிதன் இருப்பதால் ஹஜ் பெருநாளுக்கு அறுக்கக் கூடாது என்றார்கள் ஒரு பக்கத்தார். "விக்கிறவன் செல்லாட்டி நமக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்கள் மறு பக்கத்தார். மூன்று நாள் அந்தக் கடையில் வேறு கதை இல்லை. மௌலவி ஒருவர் தேநீர் குடிக்க வந்து, விஷயத்தைக் கேட்டு, குடிக்காமலே போய்விட்டார்.

காக்காவுக்குத் தாங்க முடியாத வருத்தம். "ஆட்டப்பத்தி மூணு நாள் கதைக்கானுகள் சேர். தனிய ஒரு புள்ள இருந்த வீட்டுக்குள்ள இவனுகள் ஏன் பூந்தானுகள் எண்டு ஒருத்தனும் கேக்கல்ல."

மூன்றாவது கட்டு வந்தபோதுதான் மனிதர் மாறிப்போனார். அது போருக்குப் போன ராஜாவின் மனைவியின் கதை. போரில் பத்து வருடம், திரும்பி வரும் வழியில் பத்து வருடம் என்று அவன் இருபது வருடம் கழித்து வருகிறான். அதுவரை அவள் தன்னை மணக்கக் கேட்டு வந்தவர்களைத் தள்ளிப்போட ஒரு சீலை நெய்கிறாள். நெய்து முடிந்ததும் பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு, பகலில் நெய்ததை இரவில் யாருக்கும் தெரியாமல் அவிழ்க்கிறாள். இந்த நாவலில் அதையெல்லாம் அவளே சொல்கிறாள்.

காக்கா அதை ஒரு வாரம் வாசித்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"சேர், இவ ஏன் அவன்ட வீட்டில இரிக்கா?"

"புருஷன்ட வீடு."

"அதான் கேக்கன். அவன்தானே இவட வீட்டுக்கு வந்திரிக்கோணும்?"

வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குரியது. பெற்றவர்கள் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்கு வருவார். எழுபது வயதிலும் அந்த வீட்டு மாப்பிள்ளைதான். ஆகையால் ராஜா வந்து தன் வீட்டை மீட்டான் என்ற இடத்தில் எங்கள் ஊர் வாசகர் எவருக்கும் உறுதிப் பத்திரம் யார் பேரில் என்ற கேள்வி வரும்.

"வீடு அவட பேரில எண்டா கதையே வேற சேர். அவன் வந்து கதவத் தட்டோணும். அவ துறக்கோணும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான், இத்தனை வருடமாக இந்த மனிதர் போட்டோகொப்பிக் கடையின் பின்னறையில் படுப்பவர் என்பது எனக்கு உறைத்தது.

அவருக்கு மருதமுனையில் மனைவி இருந்தார். பெயர் நஸீமா. தறி வைத்துச் சாரன் என்கிற கைலியும் சீலையும் நெய்பவர். பிள்ளைகள் இல்லை. கட்டாரிலிருந்து வந்து இறங்கிய நாளிலேயே வீட்டை விட்டு வெளியேறிய காக்கா, ஏழு வருடமாகத் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. கேட்டவர்களிடம், "விசாரணையில் இரிக்கி" என்பார்.

இரண்டு நாள் கழித்து, பதினொரு பக்க ஆவணமொன்றை என் முன் வைத்தார். மனுதாரர்: நஸீமா. எதிராளி: அவரே. பெறுநர் என்ற இடத்தில் என் பெயர். பத்துக் குற்றச்சாட்டுகள், இலக்கமிட்டு. கையொப்பம் இடும் இடம் காலியாக இருந்தது.

"அவட பக்கத்திலிரிந்து எழுதியிரிக்கன். குடுத்து வாசிக்கச் செல்லுங்க. சரியெண்டா ஒப்பம் வெக்கட்டும்."

"காக்கா, புருஷன் பொஞ்சாதி விஷயம் காதியார்ட கோட்டுக்குப் போகோணும். எனக்கு அதிகாரம் இல்ல."

"காதியார் சேக்கிறதா பிரிக்கிறதா எண்டு கேப்பார். எனக்கு இப்ப ரெண்டும் வேணாம். அவ வாசிச்சாக் காணும்."

"கையொப்பம் இல்லாத மனுவ நான் என்ட வாழ்க்கையில கையால தொட்டதில்ல."

"தெரியும் சேர். அதாலதான் உங்கள்ட தாறன்."

இதில் என்ன தர்க்கம் என்று பஸ்ஸில் மருதமுனை வரை யோசித்தேன். கிடைக்கவில்லை.

நஸீமாவின் வீட்டு முன்னறை முழுவதையும் ஒரு தறி பிடித்துக்கொண்டிருந்தது. அவர் தறியை நிறுத்தி, கண்ணாடி போட்டு, தாள்களை வாங்கினார். இரண்டாம் பக்கத்தில் தலையை நிமிர்த்திக் கேட்டார்:

"சேர், சிவப்புப் பேனை இரிக்கா?"

இருந்தது.

"மூணாவது. 'பன்னிரண்டு வருடம் கடலைப் பார்த்தபடி காத்திருந்தேன்.' இஞ்சரிந்து பாருங்க, கடல் தெரியுதா?"

ஜன்னலால் பார்த்தேன். பக்கத்து வீட்டு மேல்மாடிச் சுவர் தெரிந்தது.

"கடலப் பாக்கிறதெண்டா நான் ஓட்டோ புடிச்சிப் போகோணும்." கோடு விழுந்தது. "அஞ்சாவது. 'இரவுகளில் என் தலையணை நனைந்தது.' அது மாரியில ஓடு ஒழுகினது. மறுகா ஓடு மாத்திட்டன்." இன்னொரு கோடு. "எட்டாவது. 'என்னை மணமுடிக்கக் கேட்டுப் பலர் வாசலில் நின்றனர்.' அல்லாஹ்வே! நிண்டது சாரன் வாங்க வந்த ஆக்கள் சேர். இந்த மனிசனுக்கு இதெல்லாம் எங்கால வந்தது?"

கிரேக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லி, அந்த ராணியின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். நெய்ததை அவிழ்க்கும் இடத்தில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அவுக்கிறதா? நெய்த நூல அவுத்து அவுத்து நெய்தா பஞ்சாப் போயிரும். நாலாம் நாள் தொட்டா அறும். அந்த ஆக்கள் பாத்த உடனயே புடிச்சிரிப்பாங்க. இது ஆம்புள எழுதின கதை."

"முதல்ல எழுதினது ஆம்புளதான். இப்ப திருப்பி எழுதினது பொம்புள."

"அப்ப அவ அந்த ஆம்புளய வாசிச்சிட்டு எழுதியிரிக்கா. தறிக்காரி ஒருத்தியக் கேக்கல்ல."

அந்த நாவல்களைப் பற்றி இதைவிடச் சுருக்கமான மதிப்புரையை நான் எந்தப் பத்திரிகையிலும் வாசித்ததில்லை.

பதினோராம் பக்கம் முடிந்தது. பத்துக் குற்றச்சாட்டும் சிவந்திருந்தன.

"அப்ப உங்கட வழக்குத்தான் என்ன தங்கச்சி?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதில தறியப்பத்தி ஒரு சொல்லும் இல்லையே சேர். அவர் கட்டாருக்குப் போனது நான் செல்லித்தான். வேலைக்குப் போன மனிசனோட எனக்கென்ன கோவம்? வந்த அண்டைக்குக் கார்கோவில ஒரு சோபா செட்டும் வந்தது. தேத்தண்ணி குடிச்சி முடிக்கல்ல, 'இந்தத் தறியத் தூக்கிப் பின்னுக்குப் போடுவம், செட் வெக்க இடம் காணா' எண்டார். பன்னிரண்டு வருஷம் என்னோட இருந்தது இந்தத் தறிதான். நான் செல்லிட்டன், தறி போகாது, நீங்க போங்கண்டு. கோவத்தில செல்ற கதைதானே? இந்த மனிசன் பேக்கத் தூக்கிட்டுப் போயிட்டார்."

தறியின் பாவு நூலில் அறுந்திருந்த ஓர் இழையை முடிந்தார்.

"ஊருக்கெல்லாம் மேன்முறையீடு எழுதுற மனிசன் சேர். ஏழு வருஷமா எனக்கொண்டு எழுதல்ல."

பிறகு தாளின் அடியில் '11. தறி' என்று எழுதினார். அதன் கீழே, 'திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று எழுதி என்னிடம் நீட்டினார். முப்பது வருடம் நான் மற்றவர்களுக்கு எழுதிய வாக்கியம். அதை வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது அது எவ்வளவு நல்ல வாக்கியம் என்று அன்றுதான் தெரிந்தது. கதவு மூடப்படவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்.

காக்கா சிவப்பு மையை வரிவரியாக வாசித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"தறியா?"

"தறிதான்."

"நான் அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்குக் கோவமெண்டுல்லா நினைச்சன். அந்தச் சோபா செட் இப்ப எங்க சேர்?"

"மதரஸாவுக்குக் குடுத்திட்டாவாம். ஓதுற பிள்ளைகள் மிதிச்சு விளையாடுதுகள்."

இரண்டாம் வரைவு ஆறு பக்கம். பழக்கதோஷம், அதைத் தறியின் வாயால் எழுதிவிட்டார். 'கீழே பூட்டப்பட்டிருக்கும் தறியாகிய நான்' என்று தொடங்கியது. எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மருதமுனையிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: 'தறி கதைக்காது. நீங்க கதைங்க.'

மனிதர் தடுமாறிப்போனார். வயலுக்காகக் கதைத்தவர், வாய்க்காலுக்காகக் கதைத்தவர், மூவாயிரம் வருடத்துக்கு முன் தலை போன பெண்ணுக்காகக் கதைத்தவர். தன் வாயால் தனக்காக ஒரு வரி எழுதத் தெரியவில்லை. மேசைக்கு வந்தவர்களையெல்லாம் நாளை வரச் சொல்லிவிட்டு, வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை, "சேர், நீங்க செல்லுங்க, நான் எழுதுறன்" என்று கெஞ்சினார். நடைமுறையில் அதற்கு இடமில்லை என்று மறுத்துவிட்டேன். அவர் எழுதிய நாற்பத்தொரு மனுக்களுக்கும் சேர்த்து என்னால் கொடுக்க முடிந்த மிகச் சரியான பதில் அதுதான்.

மூன்றாம் வரைவு ஒரு பக்கம். அதை அவரே கிழித்தார். நான்காவது இரண்டு வரி. 'தறி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை போட இடம் கிடைக்குமா?' 'தாழ்மையுடன்' இல்லை, 'மேற்படி' இல்லை, 'கீழே கையொப்பமிடும்' இல்லை. பஸ்ஸில் அதைச் சட்டைப் பைக்குள் கையை வைத்துப் பிடித்துக்கொண்டே போனேன். உயர்நீதிமன்றக் கட்டளையைக்கூட நான் அப்படிக் கொண்டுபோனதில்லை.

நஸீமா வாசித்தார். சிவப்புப் பேனாவைக் கேட்கவில்லை. தறிப்பலகையில் கிடந்த பென்சிலால் அடியில் எழுதினார்: 'கதிரை இருக்கிறது. வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு வரவும்.'

அந்த வெள்ளிக்கிழமை காக்கா புதுச் சாரனும் வெள்ளைச் சேட்டும் போட்டு, ஒரு பெட்டியோடு, அறுபது வயதில் இரண்டாம் தரம் அதே வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனார். துணைக்கு நான். தட்டியதும் உள்ளே தறிச் சத்தம் நின்றது.

"ஆரு?"

அவர் தொண்டையைச் செருமினார். 'கீழே' என்று தொடங்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முழங்கையால் ஒரு இடி கொடுத்தேன்.

"நான்தான் புள்ள" என்றார்.

இப்போது போட்டோகொப்பிக் கடை விறாந்தையில் மேசை இல்லை. பெட்டிசம் வேண்டியவர்கள் மருதமுனைக்குப் போகிறார்கள். தறிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அவர் எழுதுகிறார். ஆள் இல்லாத நேரத்தில் கிரேக்கத்துக் கட்டொன்றை மடியில் வைத்து, தறிச் சத்தத்துக்கு மேலால் தமிழில் வாசித்துக் காட்டுகிறார். சத்தம் நின்றால் அவரும் வாசிப்பதை நிறுத்திவிடுவார். ஆட்சேபணை வருகிறது என்று அர்த்தம். போன கிழமை, கணவன் கூட்டிக்கொண்டு வந்த அடிமைப் பெண்ணைக் கொன்ற ராணியின் கதையில் பெரிய வாக்குவாதம். அந்தப் பெண்ணின் பக்கத்தை யார் எழுதியது என்று நஸீமா கேட்க, தாள் கிடைக்கவில்லை என்று இவர் சொல்ல, அப்படியானால் வாசிக்க வேண்டாம் என்று தீர்ப்பு.

நான் வியாழக்கிழமைகளில் பஸ் ஏறிப் போகிறேன். எங்கே என்று வீட்டில் கேட்டால் அலுவல் என்கிறேன். பொய்யில்லை. ஓய்வு பெற்றவனுக்கு வாரத்தில் ஒருநாள் அலுவல் இருக்கிறது, அங்கே எனக்கென்று மூன்றாவதாக ஒரு கதிரையும் போட்டு வைத்திருக்கிறார்கள்.